அடர்ந்த கூந்தல் ஏன் சீக்கிரம் காய்வதில்லை?

தலைக்குக் குளித்து ஒரு மணி நேரம் ஆன பிறகும், பிடரிப் பக்கம் விரலை விட்டால் ஈரம் சில்லென்று தட்டுப்படும். மேலே காய்ந்திருக்கும், உள்ளே அப்படியே. ஏன்?

முடியிழைகளுக்கு நடுவே சிக்கிய காற்று சீக்கிரமே நீராவியால் நிறைந்துவிடுகிறது. அதை வெளியே தள்ளினால்தான் மிச்ச ஈரம் ஆவியாகும். ஆகவே அடர்ந்த முடிக்கு ஹேர் டிரையர் வாங்கும்போது, எவ்வளவு சுடுகிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக ஊதுகிறது என்று பாருங்கள். கடையிலேயே போடச் சொல்லி, கையை நீட்டிப் பார்த்துவிடலாம்.

வெப்பமும் வேண்டும்தான். துவட்டிய பிறகும் 100 கிராம் தண்ணீர் தங்கியிருந்தால், அதை ஆவியாக்க ஏறக்குறைய 240 கிலோஜூல் தேவை. 1,200 வாட் டிரையரின் வெப்பம் முழுவதும் தண்ணீருக்கே போனால் 200 நொடி போதும். ஆனால் நிறைய வெப்பம் அறைக்காற்றில் கலந்துவிடுகிறது. 2,000 வாட் கருவி வேகமானது. நம் வீட்டு 230 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகவே கூடாது. 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும்.

சொட்டச் சொட்ட நனைந்த முடியில் உச்சச் சூட்டை வைக்காதீர்கள். இழைக்குள் இருக்கும் நீர் கொதித்து, முடிக்குள்ளேயே குமிழிகளை உண்டாக்கும். அந்த இடத்தில் முடி ஒடியும். 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, அசைத்துக்கொண்டே, பகுதி பகுதியாகப் பிரித்துக் காயவையுங்கள். குளிர்காற்றுப் பொத்தான் உள்ள கருவி நல்லது. சூட்டில் நெகிழ்ந்த முடி ஆறும்போதுதான் ஹைட்ரஜன் பிணைப்புகள் இறுகி, சீவிய வாக்கிலேயே நிற்கும்.