கிணறு வெட்டுமுன் பாறையைப் பாருங்கள்

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறைப் பகுதியாகும். கடலோரத்தையும் காவிரிப் படுகையையும் நீக்கிப் பார்த்தால், பெரும்பாலான இடங்களில் மண்ணைத் தோண்டிய சிறிது ஆழத்திலேயே கல் தட்டுகிறது. சிறு விவசாயியின் பணம் இந்தக் கல்லுக்குள்தான் ஆழ்துளைக் கிணறாக இறங்குகிறது. ஒரு தோட்டத்தில் 150 அடியில் தண்ணீர் பொங்கும். வரப்புக்கு அந்தப் பக்கம் 800 அடி போட்டும் புழுதிதான் பறக்கும். இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கடன் வாங்கி அடுத்த துளை போடுகிறவர்கள் அநேகம். கீழே இருப்பது என்ன பாறை, அது எவ்வளவு ஆழம் மக்கியிருக்கிறது, எங்கே வெடிப்பு விட்டிருக்கிறது என்பவையே தண்ணீரை நிர்ணயிக்கின்றன. அதிர்ஷ்டத்தின் பங்கு சொற்பமே.

பாறை பிறக்கும் விதம்

பாறைகள் பிறப்பால் மூன்று வகைப்படும். பூமிக்குள் உருகிய குழம்பு ஆறி இறுகினால் அது தீப்பாறை. ஆழத்திலேயே மெல்ல ஆறியது கிரானைட். அதன் மணிகள் கண்ணுக்குத் தெரியும். மேலே வழிந்து சீக்கிரம் ஆறியது எரிமலைப் பாறை. மராட்டிய மாநிலத்தின் பெரும்பகுதியில் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்படிப் பரவிய பாறைதான் இருக்கிறது. அங்குள்ள கரிசல் மண் அது மக்கி வந்ததாகும். கோவில்பட்டிக் கரிசலும் அப்படி வந்ததே என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியல்ல; அங்கே அடியில் எரிமலைப் பாறை கிடையாது.

ஆறும் கடலும் கொண்டுவந்து சேர்த்த மணல், களிமண், சிப்பி ஆகியவை அடுக்கடுக்காகப் படிந்து இறுகினால் அது படிவுப் பாறை. இந்த இருவகைப் பாறைகளில் எதுவானாலும், ஆழப் புதைந்து சூட்டிலும் அழுத்தத்திலும் மாறிப்போனால் அது உருமாறிய பாறை. சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாக ஆவது இப்படித்தான். நமது கடினப் பாறையில் பெரும்பகுதி இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது.

வரிப்பாறையும் நீலக்கல்லும்

உருமாறிய பாறைகளில் விவசாயிக்கு அதிகம் பழக்கமானது ‘நைஸ்’ எனப்படும் வரிப்பாறை. வெளுப்பும் கறுப்புமாக வரிவரியாகத் தெரியும். கொங்கு நாட்டுக் கிணறுகளிலும் மதுரை வட்டாரக் கிணறுகளிலும் இதை நிறையப் பார்க்கலாம். இதிலுள்ள கண்ணாடி போன்ற மணிகள் எளிதில் கரைவதில்லை. ஆனால் கூடவே இருக்கும் பெல்ஸ்பார் என்ற வெளிறிய மணியும் காக்காப்பொன்னும், மழைநீர் பட்டு நாளாவட்டத்தில் களிமண்ணாக உதிர்கின்றன. அப்போது பாறை இளகி, கடப்பாறைக்கு இடம் கொடுக்கும் மக்கிய பாறையாகிறது. தண்ணீர் தங்குவது இந்த மக்கிய அடுக்கிலும், அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான். வெடிப்பில்லாத கெட்டிப் பாறை பானை ஓட்டுக்குச் சமம். அதற்குள் எத்தனை அடி போனாலும் ஊற்று கிடைக்காது.

ஆகவே மக்கிய அடுக்கு கனமாக உள்ள நிலத்தில், அகலமான திறந்த கிணறே பெரும்பாலும் லாபம். அடுக்கு முடிந்து வெடிப்பும் இல்லை என்றால், மேலும் ஆழப்படுத்துவதால் தொட்டி பெரிதாகுமே தவிர ஊற்று பெருகாது. கோடையில் தண்ணீரை இறைத்துவிட்டு, கிணற்றுச் சுவரில் எந்தப் பக்கம் முதலில் கசிகிறது என்று கவனிக்க வேண்டும். பக்கத் துளை போடுவதானால் அந்த இடத்தில் போடுவதே பொருத்தம். நாலு பக்கமும் கண்ணை மூடிக்கொண்டு துளைப்பது வீண் செலவு.

பல்லாவரம், பரங்கிமலை, சேர்வராயன் மலை, நீலகிரி ஆகிய இடங்களில் காணப்படும் நீலம் பாய்ந்த கருங்கல் வேறொரு வகை. இதற்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னக் என்ற ஆங்கிலேயரின் சமாதிக் கல் இந்தப் பாறையால் ஆனது. அதை வைத்து தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலார் 1893-ல் இப்பெயரைச் சூட்டினார். கட்டடத்துக்கும் ஜல்லிக்கும் இதைவிட நல்ல கல் அரிது. கிணற்றுக்கு அவ்வளவு நல்லதல்ல. மக்கும் வேகம் குறைவு, வெடிப்பும் குறைவு. சுத்தியலால் தட்டினால் மணிபோல் கணீரென்று ஒலிக்கும் பாறையில் துளை போடுமுன் இரண்டு முறை யோசிப்பது நல்லது.

வடமாவட்டங்களில் வரிப்பாறையைக் கிழித்துக்கொண்டு கறுப்புக் கல் சுவர்போல நெடுந்தூரம் ஓடுவதைப் பார்க்கலாம். பழைய வெடிப்புகளில் குழம்பு ஏறி உறைந்ததே இந்தச் சுவர். கறுப்பு கிரானைட் என்று மெருகேற்றி விற்பது பெரும்பாலும் இதைத்தான். விவசாயிக்கு இது பூமிக்குள் கட்டிய அணைபோல. சரிவில் இறங்கி வரும் நிலத்தடி நீரை இது தடுத்து நிறுத்துவதுண்டு. அப்போது மேட்டுப்பக்கக் கிணற்றில் நீர் நிற்கும், பள்ளப்பக்கக் கிணறு காயும். பள்ளத்தில்தான் தண்ணீர் என்ற பொது நம்பிக்கை இங்கே ஏமாற்றிவிடும். வெள்ளைக் கற்கள் ஒரே கோட்டில் சிதறிக் கிடந்தால், கீழே வெண்கல் நரம்பு ஓடலாம். அது நொறுங்கிப்போயிருந்தால் தண்ணீருக்கு நல்ல வழி.

படிவுப் பாறைப் பகுதி

கடலூர், நெய்வேலிப் பக்கத்து மணற்பாறையின் குணம் வேறு. மணிகளுக்கு இடையிலேயே தண்ணீர் நிற்பதால், துளை வீணாவது குறைவு. அளவுக்கு மீறி இறைப்பதுதான் இங்குள்ள ஆபத்து. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரத்தில் அப்படி இறைத்ததால் கடல்நீர் நிலத்துக்குள் புகுந்து கிணறுகள் உப்பாயின. உப்பான கிணற்றை மறுபடியும் இனிப்பாக்குவது லேசான காரியமல்ல.

அரியலூர்ப் பக்கம் கிடைக்கும் சுண்ணாம்புக்கல், அந்நிலம் கடலடியில் கிடந்த காலத்தில் சிப்பிகளும் சேறும் படிந்து உண்டானது. சிமெண்டுக்குப் போவது இந்தக் கல். வட்டாரத்துக் களிமண் படிவுகளில் ஜிப்சமும் கிடைக்கிறது. நிலக்கடலைக்கு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை, விதைத்த 40 முதல் 45 நாளில் இட்டு மண் அணைத்தால் காய் திரட்சியாகப் பிடிக்கும். களர் நிலத்துக்கும் ஜிப்சமே ஏற்றது. சிலர் அதற்குப் பதிலாகச் சுண்ணாம்புக்கல் தூளைக் கொட்டுகிறார்கள். களரில் அது கரையாது, பணம்தான் கரையும். சுண்ணாம்பு நீலகிரி போன்ற புளிப்பு மண்ணுக்கு உரியது. குவாரித் தூளில் சாம்பல் சத்து உண்டு என்று சொல்லி விற்பவர்களிடமும் எச்சரிக்கை தேவை. பாறையில் சத்து இருப்பது மெய்தான். ஆனால் பயிர் அதை எடுத்துக்கொள்ள ஒரு பருவம் போதாது.

ஆய்வு செய்தபின் துளை

தேங்காயையும் வேப்பங்குச்சியையும் நம்பி இடம் குறிப்பதைவிட, மின்தடை ஆய்வு செய்துகொள்வது மேல். நிலத்தில் கம்பிகளை ஊன்றி மின்சாரம் செலுத்துவார்கள். நீர் கோத்த மக்கிய பாறை அதை எளிதில் கடத்தும். கெட்டிப் பாறை கடத்தாது. வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் கட்டணம் செலுத்தி இதைச் செய்துகொள்ளலாம். உப்புக் களிமண்ணும் மின்சாரத்தை நன்றாகக் கடத்துமாதலால், இந்த ஆய்வும் நூற்றுக்கு நூறு உறுதியல்ல. எனவே அக்கம்பக்கத்துக் கிணறுகளின் விவரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இன்னொரு சங்கடம் உண்டு. அங்குள்ள பாறையிலிருந்து புளோரைடு உப்பு நீரில் இறங்குகிறது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் பல்லும் எலும்பும் கெடும். 2013-ல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே ஏற்பட்டது. பாசனத்துக்குப் போட்ட துளையின் நீரைக் குடிப்பதானால், முதலில் பரிசோதனை செய்வது அவசியம்.

துளை போடும்போது பத்தடிக்கு ஒரு கைப்பிடி தூளை எடுத்து, ஆழத்தைக் குறித்துப் பொட்டலமாகக் கட்டி வைக்க வேண்டும். எந்த அடியில் ஈரம் கண்டது, எங்கே கல் மாறியது என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த துளைக்கும் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் உதவும். இருநூறு, முந்நூறு அடியாக நிறமும் ஒலியும் மாறாத கெட்டிக் கல்லே வந்துகொண்டிருந்தால், லாரிக்காரர் இன்னும் நூறு அடி போகலாம் என்று சொன்னாலும் நிறுத்திவிடுவதே மேல். தண்ணீர் கிடைக்காத துளையின் வாயை அன்றைக்கே இரும்பு மூடி போட்டு இறுக மூடிவிட வேண்டும்.