அரும்பும் மலரும் ஒரே பாயில்!

பெண் இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதோ ஒன்றாம் வகுப்புக் குழந்தை. "இந்தச் சின்னதுகளோடு சேர்ந்து என் பெண் பின்தங்கிப் போய்விடுவாளே!" என்று அவளைப் பெற்றவள் கவலைப்படுவாள். அந்தச் சின்னக் குழந்தையின் தாயாருக்கோ வேறு கவலை. "பென்சிலையே சரியாகப் பிடிக்கத் தெரியாத என் பிள்ளை, பெரிய குழந்தைகளுக்கு நடுவே மிரண்டு போய்விடுவானே!" என்பாள்.

இரண்டு கவலையும் நியாயமானவைதாம். சகோதரிகளே, உங்களில் பலர் இதே கவலையோடு பள்ளிக்கூட வாசலில் நின்றிருப்பீர்கள். கார்ப்பரேஷன் பள்ளியானாலும் சரி, மாண்டிசோரி முறைப் பள்ளியானாலும் சரி, பல வயதுக் குழந்தைகள் ஒரே அறையில் சேர்ந்து படிப்பது இன்று சர்வ சாதாரணம். இது குழந்தைக்கு நல்லதா, கெடுதலா? இந்த விஷயத்தைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம், வாருங்கள்.

ஐந்தை இரண்டால் வகுத்தால்...

முதலில், இப்படிச் சேர்த்து உட்கார வைப்பது ஏன்? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விளங்கிவிடும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இருந்தால் 2 ஆசிரியர்கள் இருக்க வேண்டும். வகுப்புகளோ 5. ஐந்து வகுப்பை இரண்டு பேர் எப்படிப் பங்கிட்டுக் கொண்டாலும், ஒருவர் கையில் குறைந்தது மூன்று வகுப்பாவது வந்துதானே தீரும்?

இனி அந்த அறையை மனக்கண்ணால் பாருங்கள். டீச்சர் மூன்றாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் கரும்பலகையில் இருக்கும் நாலு எழுத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து எழுதுகின்றன. எழுதி முடித்த குழந்தை பக்கத்துக் குழந்தையைக் கிள்ளுகிறது, ஜன்னல் வழியே காக்காய் பார்க்கிறது, "டீச்சர், தண்ணி!" என்று எழுந்து நிற்கிறது. அரை மணி கழித்து டீச்சர் இந்தப் பக்கம் திரும்பினால், அந்தப் பக்கம் இதே கூத்துத் தொடங்குகிறது.

கெடுதல் எங்கே இருக்கிறது என்பது இப்போது புரிகிறதல்லவா? பல வயதுக் குழந்தைகள் கலந்து உட்காருவதில் இல்லை. தன் முறை வரும்வரை குழந்தை சும்மா காத்துக் கிடப்பதில்தான் இருக்கிறது. நாளைக்கு இரண்டு மணி நேரம் இப்படிக் கழிந்தால், வருஷ முடிவில் எத்தனை நாள் போயிற்று என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

எழும்பூர் சீமைக்குப் போன கதை

கலந்து படிப்பது நமக்குப் புதிதன்று. நம் பாட்டனார் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒரே அண்ணாவி. அவரைச் சுற்றிச் சின்னதும் பெரிதுமாகப் பிள்ளைகள். சின்னவன் மணலில் விரலால் எழுதுவான். பெரியவன் ஓலைச் சுவடி படிப்பான். இடையே சட்டாம்பிள்ளை. அண்ணாவிக்கு அடுத்த அதிகாரம் அவனுக்குத்தான்!

இந்த ஏற்பாடு ஒரு வெள்ளைக்காரர் கண்ணில் பட்டது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைக் குழந்தைகளின் பள்ளிக்குத் தலைவரானார். நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். அங்கிருந்த உபாத்தியாயர்கள் இசையவில்லை. உடனே அவர் என்ன செய்தார், தெரியுமா? ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, "நீ சொல்லிக் கொடு" என்று அரிச்சுவடி வகுப்பை அவன் கையில் ஒப்படைத்துவிட்டார்! பையனும் சளைக்கவில்லை. பெல் இதைப் பற்றி எழுதிய அறிக்கை 1797-இல் லண்டனில் அச்சாயிற்று. 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது.

பரவியதற்குக் காரணம், செலவு குறைவு. ஒரே உபாத்தியாயரை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேய்த்துவிடலாம் அல்லவா? ஆனால் பெரிய பையன் சொன்னதைச் சின்னப் பையன் ஒப்பித்தானே தவிர, "ஏன்?" என்று கேட்க இடமில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே அதன் மவுசு குறைந்துவிட்டது. பெரிய குழந்தையைச் சின்னக் குழந்தைக்குத் துணையாக வைப்பது வேறு. சம்பளமில்லாத வாத்தியாராக வைப்பது வேறு. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

அடையாற்றுக்கு வந்த அம்மையார்

பிறகு 1939-இல் இன்னொருவர் சென்னைக்கு வந்தார். இத்தாலி தேசத்து டாக்டர் மரியா மாண்டிசோரி. 1907-இல் ரோம் நகரின் ஏழைப் பேட்டை ஒன்றில் தம் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தவர். அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுச் சில மாதங்களில் ஊர் திரும்புவதாக உத்தேசம். உலக யுத்தம் குறுக்கிட்டது. இத்தாலி எதிரி நாடாகிவிடவே, 1946 வரை அவர் இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. அதில் சுமார் இரண்டு ஆண்டுகள் கோடைக்கானலில் கழிந்தன.

அவருடைய முறையில் மூன்று வயதுக் குழந்தையும் ஆறு வயதுக் குழந்தையும் ஒரே அறையில்தான் இருக்கும். வேறு வழியில்லாமல் செய்த ஏற்பாடு அல்ல இது, வேண்டுமென்றே செய்தது. அறையில் ஒவ்வொரு சாமானும் ஒன்றே ஒன்றுதான். இன்னொரு குழந்தை அதை வைத்திருந்தால், அது எடுத்த இடத்தில் வைக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஆனால் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. வேறொரு சாமானை எடுத்துக் கொள்ளலாம். அல்லது பெரிய குழந்தை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். மரக் கட்டைகளைத் துளைகளில் பொருத்துகிற சாமான் ஒன்று உண்டு. தவறான துளையில் வைத்தால் கடைசிக் கட்டை பொருந்தாது. தப்பு என்று சொல்ல டீச்சர் வர வேண்டாம், கட்டையே சொல்லிவிடும்!

ஏணிப்படி வகுப்பு

"இதெல்லாம் விலையுயர்ந்த சாமான் வாங்கக்கூடிய பள்ளிக்குச் சரி. ஓராசிரியர் பள்ளிக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை ஆந்திரத்தில், மதனப்பள்ளிக்கு அருகில் இருக்கும் ரிஷி வேலியிலிருந்து வந்தது. சுற்றியுள்ள கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக, பத்மநாப ராவ், ரமா என்ற தம்பதி அங்கே ஒரு முறையை வகுத்தார்கள். பாடப் புத்தகத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை செய்தார்கள். அட்டையில் ஒரு படம். சுவரில் மாட்டிய ஏணிப் படத்திலும் அதே படம். எழுத்தே தெரியாத குழந்தைகூட, தான் எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்தது எது என்று படத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடும்.

சென்னையிலிருந்து ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்து வந்தார்கள். 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் இம்முறை தொடங்கிற்று. 2007-இல் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. ஒன்று முதல் நான்கு வரை எல்லாக் குழந்தைகளும் கலந்து பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒரு வட்டத்துக்கு டீச்சர் உதவி. இன்னொன்றில் குழந்தைக்குக் குழந்தை உதவி. மற்றொன்றில் தானே செய்துகொள்ள வேண்டும். கரும்பலகை சுவரின் உச்சியிலிருந்து இறங்கிக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்தது. எழுதிய தாளும் வரைந்த படமும் தலைக்கு மேல் கம்பிப் பந்தலில் தொங்கின.

குறைகள் இல்லாமல் இல்லை. ஓர் அட்டை தொலைந்தால் ஏணியில் ஒரு படி உடைந்தாற்போலத்தான். வகுப்பில் கூட்டம் அதிகமானால் டீச்சர் வட்டத்துக்கு வட்டம் ஓட வேண்டியிருந்தது. பின்னர் முறை மாறிற்று. பாடப் புத்தகம் திரும்பி வந்தது. 2022-இல் தமிழ்நாடு அரசு ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. அதில் குழந்தைகளின் நிலைக்கு வைத்த பெயர்களைக் கேளுங்கள்: அரும்பு, மொட்டு, மலர்! மூன்றாம் வகுப்பில் இருந்தும் எழுத்துக் கூட்டத் தடுமாறுகிற குழந்தையை 'மக்கு' என்று சொல்ல வேண்டியதில்லை. "இன்னும் அரும்பு" என்று சொன்னால் போதும். அரும்பு மலராமல் போகாதல்லவா?

காதில் விழுவதும் படிப்பே

ஒழுங்காக நடக்கிற கலப்பு வகுப்பில் சின்னக் குழந்தைக்கு என்ன லாபம்? ஐந்து வயதுக் குழந்தைக்கு எழுத்தைவிடப் பேச்சு முக்கியம். பேச வேண்டும், கேட்க வேண்டும், பாட வேண்டும், புளியங்கொட்டையை எண்ணி எண்ணிக் கூறு கட்ட வேண்டும். மூன்று கொட்டையும் இரண்டு கொட்டையும் ஐந்து என்று கை உணர்ந்த பிறகுதான், பலகையில் எழுதிய மூன்றும் இரண்டும் அதற்குப் பொருள்படும். இதைச் செய்துகொண்டே, இரண்டாம் வகுப்புக்கு நடக்கிற கதையும் அதன் காதில் விழுகிறது. அடுத்த வருஷம் அந்தப் பாடம் வரும்போது, முன்பே பழகியவரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

பெரிய குழந்தைக்கும் லாபம் உண்டு. போன வருஷம் சரியாகப் புரியாத பாடத்தை வெட்கப்படாமல் இன்னொரு முறை கேட்டுக் கொள்ளலாம். சின்னதுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதோ, தான் அறைகுறையாகத் தெரிந்து வைத்திருந்ததை வாய்விட்டு விளக்க வேண்டியிருக்கிறது. "கடன் வாங்கிக் கழி" என்று சொன்னதும், "யாரிடம் கடன்? எப்போது திருப்பிக் கொடுக்கணும்?" என்று ஒரு வாண்டு கேட்டால், கேட்டவனைவிடச் சொன்னவன்தான் அதிகம் யோசிக்க வேண்டும்!

கூட்டுக் குடும்பத்தில் பெரியப்பா பிள்ளை, அத்தை பெண் என்று அரை டஜன் பேர் இருந்த காலத்தில் இந்தப் பயிற்சி கூடத்திலேயே கிடைத்தது. வீட்டுக்கு ஒரு குழந்தை என்று ஆகிவிட்ட இக்காலத்தில், ஓர் அண்ணனையும் ஒரு தங்கையையும் அந்தக் குழந்தைக்குக் கொடுப்பது இந்த வகுப்புத்தான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை

வகுப்பில் 'பொறுப்பான பெண்' என்று ஒருத்தி இருப்பாள். சின்னக் குழந்தையின் மூக்கைத் துடைப்பது, கை கழுவி விடுவது, அழுதால் சமாதானப்படுத்துவது, "சத்தம் போடாதே" என்று அதட்டுவது எல்லாம் அவள் வேலை. டீச்சர் மெச்சுவார், நாமும் பூரித்துப் போவோம். ஆனால் வீட்டில் தம்பியை இடுப்பில் சுமக்கிறவள், பள்ளியிலும் அதையே செய்து கொண்டிருந்தால் எப்போது படிப்பாள்? இந்த வேலை பெரும்பாலும் பெண் குழந்தையின் தலையில்தான் விடிகிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? உதவி செய்வது அழகு. ஆனால் அது நாளில் கொஞ்ச நேரமாக இருக்க வேண்டும். எல்லாக் குழந்தைகளுக்கும் முறை வைத்து வர வேண்டும். பையனும் மூக்குத் துடைத்து விடட்டுமே!

தாய்மார் கவனிக்க வேண்டியவை

பள்ளியில் குழந்தையைச் சேர்க்கப் போகும்போது, "எத்தனை வகுப்பு ஒன்றாக உட்காருகிறது?" என்று மட்டும் கேட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அறையை ஒரு பார்வை பாருங்கள். சாமான்களும் படங்களும் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா, அல்லது பூட்டிய அலமாரியில் அழகாகத் தூங்குகின்றனவா? ஒரு குழந்தை தன் வேலையை முடித்ததும் அடுத்த வேலையைத் தானே எடுத்துக் கொள்கிறதா, அல்லது டீச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதா?

பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள். போன மாதம் உங்கள் குழந்தை எந்தப் படியில் நின்றது, இந்த மாதம் எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். மூத்த குழந்தையாக இருந்தால், "இந்த வாரம் நீ புதிதாக என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேளுங்கள். "பாப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன்" என்ற பதில் மட்டும் வாரா வாரம் வந்தால், டீச்சரோடு ஒரு வார்த்தை பேச வேண்டிய வேளை வந்துவிட்டது என்று அர்த்தம்.

கடைசியாக ஒன்று. சாயங்காலம் குழந்தை வந்ததும், "இன்றைக்கு என்ன பாடம் நடந்தது?" என்றுதானே கேட்கிறோம்? அதை மாற்றி, "டீச்சர் மற்றவர்களோடு இருந்தபோது நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "கொட்டை எண்ணினேன்", "அக்கா படித்த கதையைக் கேட்டேன்", "வீடு வரைந்தேன்" என்று பதில் வந்தால், அந்த அறையில் எத்தனை வகுப்பு இருந்தாலும் கவலையில்லை. "சும்மா உட்கார்ந்திருந்தேன்" என்று வந்தால், ஒரே வகுப்பு உள்ள அறையாக இருந்தாலும் மறுநாள் ஒரு நடை பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வாருங்கள்!