மொச்சையா, தட்டைப்பயறா, ராஜ்மாவா? விதைக்கும் முன் ஒரு கணக்கு

காய்ந்த பயறை மூட்டையாக விற்பதற்குப் பதில், வேகவைத்து டின்னில் அடைத்து விற்றால் என்ன? உழவர் குழுக்களில் இந்தக் கேள்வி வருது. நல்ல யோசனைதான். ஆனால் வயலில் நல்லா விளையும் பயறும், கடையில் கேட்கும் பயறும், டின்னுக்குத் தாங்கும் பயறும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. மூன்றை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

மொச்சை

ஆடிப்பட்டத்தில் ராகி, சோளத்தோடு ஊடுபயிராகப் போடும் நாட்டு மொச்சை, பகல் பொழுது குறைந்த பிறகுதான் பூக்கும். முன்னாடியே விதைத்தாலும் மார்கழி, தையில்தான் காய். வேர் ஆழமாகப் போவதால் வறட்சியைத் தாங்கும். காய்ப்புழுதான் தொல்லை. பொங்கல் குழம்புக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் மொச்சை வேண்டும் என்று தேடி வாங்கும் வீடுகள் நம்ம ஊரில் நிறைய. ஆனால் தோல் தடிமன். பச்சை மொச்சையை ஊறவைத்துப் பிதுக்கிச் சமைப்பது அதனால்தான். இதை உலர்ந்த கொட்டையாக, ஊர்ப் பெயரோடு விற்பதே லாபம்.

தட்டைப்பயறு

வடமாவட்டங்களில் காராமணி. மூன்று மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும், தண்ணீரும் அதிகம் கேட்காது. அசுவினி வரும், அதைத் தின்னப் பொறிவண்டும் வரும். பருத்தி வயல் ஓரத்தில் விதைப்பது அதற்காகத்தான். சீக்கிரம் வேகும். அமெரிக்கக் கடைகளில் கருப்புக் கண் வைத்த வெள்ளைத் தட்டைப்பயறு டின்னில் கிடைப்பது சாதாரணம். சிவப்பு ரகம் சாற்றில் நிறம் இறக்கும். டின்னுக்கு வெளிர் நிற ரகமே நல்லது.

ராஜ்மா

குளிர்ச்சி கேட்கும் பயிர். பூக்கும்போது வெயில் 30 டிகிரியைத் தாண்டினால் பூ கொட்டிவிடும். எனவே இது கொடைக்கானல், நீலகிரிக்காரர்களுக்கு. மற்ற பயறுகள் போல வேர்முடிச்சு தாராளமாக வராது. தொழுவுரம் கூடுதலாகவே வேண்டும். வாங்குபவர் பெரும்பாலும் நகரத்தில். டின் சந்தைக்குப் பழகிய பயறு இதுதான். தக்காளிச் சாற்றில் வரும் பேக்டு பீன்ஸ், இதே இனத்தின் சிறிய வெள்ளை ரகம். சிவப்பு ராஜ்மா அரைவேக்காட்டில் நச்சு. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

100 பயறை எண்ணி, இரவு முழுக்க ஊறவையுங்கள். கல்லு மாதிரி ஊறாமல் கிடப்பவை எத்தனை, வெந்தபின் தோல் வெடித்தவை எத்தனை என்று எண்ணுங்கள். வருகிற எண்ணே சதவீதம். இரண்டும் குறைவாக இருக்கும் ரகமே டின்னுக்கு ஆகும். பழைய பயறையும் புதுப் பயறையும் கலக்காதீர்கள். வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்த பழசு ஒரே சீராக வேகாது.

பாட்டிலில் அடைக்கலாமா?

ஊறுகாய் போல இதை வீட்டில் அடைக்கக் கூடாது. ஊறுகாயைப் புளிப்பு காக்கும். பயறில் புளிப்பு இல்லை. பொட்டுலினம் என்ற கிருமியின் வித்து 100 டிகிரி கொதிநீரிலும் சாகாது. காற்றில்லாத பாட்டிலுக்குள் முளைத்து உயிர்கொல்லி நஞ்சை உண்டாக்கும். அதைக் கொல்ல, அழுத்தத்தில் 121 டிகிரி அளவுக்குச் சூடாக்கும் ரிட்டார்ட் கலனும், அதை இயக்கத் தெரிந்த ஆளும், உணவுப் பாதுகாப்பு உரிமமும் வேண்டும்.

கடன் வாங்கும் முன்

வங்கியில் இருந்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன். கடன் தவணை மாதாமாதம் வரும். மொச்சை வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். மீதி மாதங்களில் இயந்திரம் எதை அடைக்கும் என்பதற்குப் பதில் இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். மானியம் வருது என்பது பதில் ஆகாது. மானியம் போக மீதிக் கடனுக்கு வட்டி உண்டு.

முதலில் தரம் பிரித்த உலர் பயறை நேரடியாக விற்று வாடிக்கையாளரைப் பிடியுங்கள். பிறகு, உரிமம் உள்ள ஆலை ஒன்றில் கூலி கொடுத்துக் கொஞ்சம் டின் அடைத்து, அதே வாடிக்கையாளரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் இரண்டாவது முறை கேட்டு வாங்கினால் அந்த ரகத்தை அடுத்த பட்டத்தில் கூடுதலாக விதைக்கலாம். சொந்த இயந்திரம் பற்றி அப்புறம் பேசலாம்.