விருது யாருக்கு? முன்கூட்டிச் சொல்ல முடியுமா?

நாளை மழை வருமா என்று வானிலை நிலையம் சொல்கிறது. தேர்தலில் யார் வெல்வார் என்று செய்தித்தாள்கள் சொல்கின்றன. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் மே மாதம் பிறந்துவிட்டால் இன்னொரு ஆரூடமும் தொடங்கிவிடும். இந்த ஆண்டு எந்த இசை நாடகத்துக்கு டோனி விருது?

பாட்டும் வசனமும் நடனமும் கலந்து மேடையில் நடிக்கப்படும் கதையே இசை நாடகம். நியூயார்க்கில் 'பிராட்வே அரங்குகள்' என்று பெயர் பெற்றவை 41 உள்ளன. அந்தப் பெயர் கிடைக்க ஓர் அரங்கில் குறைந்தது 500 இருக்கைகளாவது இருக்க வேண்டும். அங்கே அரங்கேறும் நாடகங்களுக்கு 1947 முதல் வழங்கப்படுவது டோனி விருது. நடிகையும் இயக்குநருமான ஆன்டுவனெட் பெர்ரியைச் செல்லமாக அழைத்த பெயர்தான் 'டோனி'. சிறந்த இசை நாடகம் என்று பெயர் வாங்கினால் டிக்கெட் விற்பனை ஏறும். வாங்காத நாடகங்களில் சில, விழா முடிந்த சில வாரங்களிலேயே மூடப்படுவதும் உண்டு. ஆகவே இந்த ஆரூடத்தில் பலருடைய பிழைப்பும் கலந்திருக்கிறது.

முதலில் ஒரு சிறிய குழு ஒவ்வொரு விருதுக்கும் சில பெயர்களைப் பரிந்துரைக்கும். பிறகு நாடகத் துறையைச் சேர்ந்த சுமார் 800 பேர் வாக்களிப்பார்கள். யாருக்கு எத்தனை வாக்கு என்பதை வெளியிடுவதே இல்லை.

ஐந்து நாடகங்கள் போட்டியில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வேறொன்றும் தெரியாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு 5-இல் 1, அதாவது 20 சதவீதம். ஏதேனும் தடயம் கிடைத்தால்தான் இந்த எண்ணை மாற்றலாம்.

எளிதில் கிடைக்கும் தடயம் ஒன்று உண்டு. இசை, நடிப்பு, ஒளியமைப்பு, உடை என்று எல்லாப் பிரிவுகளையும் சேர்த்து அதிகப் பரிந்துரைகள் பெற்ற இசை நாடகம் எது? 2011 முதல் 2025 வரை 14 முறை விருது வழங்கப்பட்டது. (கொரோனாவால் 2020 விருது 2021 செப்டம்பருக்குத் தள்ளிப்போனது.) பரிந்துரைப் பட்டியலில் தனியாக முதலிடம் பெற்ற நாடகம் வென்றது 7 முறை. முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட நாடகங்களில் ஒன்று வென்றது 2 முறை. மீதி 5 முறை முதலிடம் தோற்றது. 9-ஐ 14-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 64 சதவீதம். 20-ஐ விட எவ்வளவோ மேல்!

அப்படியானால் ஆண்டுதோறும் "முதலிடத்தில் இருப்பதுதான் வெல்லும், சந்தேகமே இல்லை" என்று அடித்துச் சொல்லிவிடலாமா? இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலை ஆய்வாளர் 1950-இல் ஒரு மதிப்பெண் முறையைக் கொடுத்தார். நீங்கள் சொன்ன நிகழ்தகவுக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து அதன் வர்க்கத்தைக் காணுங்கள். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. சராசரி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. அடித்துச் சொன்னவருக்கு 9 முறை பிழை 0, 5 முறை பிழை 1. சராசரி 5/14, அதாவது 0.36. "64 சதவீதம்" என்று அடக்கமாகச் சொன்னவருக்கு? 9 முறை 0.36-இன் வர்க்கம், 5 முறை 0.64-இன் வர்க்கம். கூட்டி 14-ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.23. அடக்கமானவரே ஜெயித்தார்!

இன்னொரு தடயம் மற்ற விருதுகள். நியூயார்க் நாடக விமர்சகர்கள் வழங்கும் 'டிராமா டெஸ்க்' விருதின் முடிவு பெரும்பாலும் டோனிக்குச் சில நாள் முன்பே தெரிந்துவிடும். 2004-இல் அந்த விருது 'விக்கெட்' நாடகத்துக்குக் கிடைத்தது. டோனியிலும் அதற்கு 10 பரிந்துரைகள். 'அவென்யூ கியூ' என்ற பொம்மை நாடகத்துக்கோ 6 மட்டுமே. (நம் ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த 'பாம்பே ட்ரீம்ஸ்' நாடகமும் அதே ஆண்டு பிராட்வே ஏறியது. ஆனால் சிறந்த இசை நாடகப் பட்டியலில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.) எல்லாத் தடயங்களும் 'விக்கெட்'டையே சுட்டின. வென்றதோ 'அவென்யூ கியூ'!

தடயம் பொய்யா? இல்லை. அதை நாம் படித்த விதத்தில்தான் பிழை. 'அவென்யூ கியூ' 2003-இன் தொடக்கத்தில் 'ஆஃப் பிராட்வே' எனப்படும் சிறிய அரங்கு ஒன்றில் நடந்தது. அதே ஆண்டு ஜூலையில்தான் பிராட்வேக்கு வந்தது. டோனி விருது பிராட்வேயை மட்டும் பார்க்கும். டிராமா டெஸ்க் சிறிய அரங்குகளையும் பார்க்கும். ஆகவே அங்கே 'அவென்யூ கியூ' முந்தைய ஆண்டுக் கணக்கிலேயே போய்விட்டது. 2004-இல் 'விக்கெட்' வென்ற பந்தயத்தில் அதன் பெரிய போட்டியாளர் ஓடவே இல்லை! ஓடாதவனை முந்திவிட்டான் என்று ஒருவனைப் பாராட்டலாமா?

இது ஒருமுறை நடந்த விபத்தன்று. 2016-இல் டிராமா டெஸ்க் 'ஷஃபிள் அலாங்' நாடகத்துக்குப் போனது. டோனியை வென்றது 'ஹாமில்டன்'. 2023-இல் டிராமா டெஸ்க் 'சம் லைக் இட் ஹாட்' நாடகத்துக்கு. டோனி 'கிம்பர்லி அகிம்போ'வுக்கு. டோனி வென்ற இரண்டுமே முந்தைய ஆண்டு சிறிய அரங்கில் நடந்து, டிராமா டெஸ்க்கை அப்போதே வாங்கிவிட்டவை. இதைக் கவனித்தவருக்கு இரண்டு ஆண்டுகளிலும் வியப்பு ஏதும் இருந்திருக்காது.

ஆனால் கவனம்! 2013-இல் 'மடில்டா'வும் 'கிங்கி பூட்ஸ்' நாடகமும் இரண்டு விருதுகளுக்கும் தகுதி பெற்றிருந்தன. விமர்சகர்கள் 'மடில்டா'வைத் தேர்ந்தார்கள்; டோனியோ 'கிங்கி பூட்ஸ்'க்குப் போனது. இங்கே பந்தயம் ஒன்றுதான், நடுவர்கள்தாம் வேறு. டோனிக்கு வாக்களிப்பவர்களில் நாடகத் தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள், வெளியூர்களில் நாடகம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். விமர்சகரின் கண் ஒன்று, அரங்கை நிரப்ப வேண்டியவரின் கண் வேறொன்று.

இனி உங்களுக்கு ஒரு கேள்வி. 2015 ஜூன் மாத டோனியில் 'ஃபன் ஹோம்', 'அன் அமெரிக்கன் இன் பாரிஸ்' இரண்டுக்கும் தலா 12 பரிந்துரைகள். அந்த ஆண்டு டிராமா டெஸ்க் பெற்றது இவ்விரண்டும் அல்ல, 'ஹாமில்டன்'. அது பிராட்வே ஏறியது 2015 ஆகஸ்டில். அப்படியானால், 2015 டோனியைக் கணிக்க அந்த ஆண்டின் டிராமா டெஸ்க் முடிவு நமக்கு எந்த அளவுக்கு உதவியிருக்கும்? தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வென்றது 'ஃபன் ஹோம்'.