பந்தய எஞ்சினும் பிளக்கின் இடைவெளியும்

தமிழாசிரியர் ஒருவர் மோட்டார் எஞ்சினைப் பற்றி எழுதப் புகுந்தமை நேயர்கட்கு வியப்பளித்தல் கூடும். எம்மிடம் இலக்கணம் பயின்ற மாணவர் ஒருவர் இன்று பந்தயக் கார்களைச் செப்பஞ்செய்யும் கராஜ் ஒன்றை நடத்தி வருகின்றார். சென்ற ஆண்டில் ஒருநாள், நடுவே துளை விழுந்த பிஸ்டன் ஒன்றைக் கடதாசியிற் சுற்றிக்கொண்டு மஸ்கெலியாவிலுள்ள எம் இல்லத்துக்கு வந்தார். "சேர், ஒரு நம்பரப் பிழையா விளங்கிக்கிட்டதால வந்த வினை இது" என்றார். பழுதான எஞ்சின் வாடிக்கையாளருடையது. ஈடுசெய்தற்கு ஈராண்டுச் சேமிப்புக் கரைந்தது. அவர் விளக்கியவற்றை, இத்துறையிற் புகும் ஏனைய மாணவர்க்கும் பயன்படுமாறு இங்கே தருகின்றோம். கலைச்சொல் அகராதியார் 'தீப்பொறிச் செருகி' என்பர். கராஜில் அச்சொல்லைக் கேட்டால் எவரும் திரும்பிப் பாரார். ஆதலின் யாமும் பிளக் என்றே வழங்குவோம்.

நுவரெலியாவில் மாகஸ்தோட்டை மலையேற்ற மோட்டாரோட்டம் 1934ஆம் ஆண்டிலே தொடங்கியது. அந்நகர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே வளியின் அமுக்கம் கொழும்பில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே. எனவே சாதாரண எஞ்சின் தன் வலுவில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கை அங்கே இழக்கின்றது. அக்குறையை நிரப்ப நைதரசொட்சைட்டை நாடுவோர் உளர். பல் பிடுங்குவோர் பயன்படுத்தும் சிரிப்பூட்டும் வாயு இதுவே. இரண்டாம் உலகப்போரிலே செருமானியர் தம் விமானங்கள் சிலவற்றில், வளி மெலிந்த பேருயரத்தில் வலுக் குன்றாதிருக்க இதனையே எஞ்சினுட் செலுத்தினர். பந்தய அமைப்பாளர் அனுமதித்த இடத்தில் மட்டுமே இதனைப் பயன்படுத்தலாம். பொதுவீதியில் எக்காரணத்தாலும் ஆகாது.

இவ்வாயு தானே எரிவதன்று. உருளையின் வெப்பத்திற் சிதைந்து ஒட்சிசனை விடுவிக்கின்றது. நிறைப்படி வளியில் ஒட்சிசன் 23 வீதம். இதிலோ 36 வீதம். அதற்கேற்ப மிகுதியான பெற்றோலும் செலுத்தப்படுவதால் வெப்பமும் அமுக்கமும் ஒருங்கே உயர்கின்றன. அவ்விரண்டையும் தாங்கவேண்டியது பிளக்.

பிளக்கின் முனை ஏறத்தாழ 500 முதல் 800 பாகை செல்சியசு வரையான வெப்பநிலையில் இருத்தல் வேண்டும். குறைந்தால் கரி படியும். மிகுந்தால் தீப்பொறி எழுமுன்னரே முனையின் தணல் கலவையைக் கொளுத்திவிடும். பிஸ்டன் துளைபடுவது பெரும்பாலும் இவ்வாறே. பீங்கான் மூக்கு நீண்ட பிளக், வெப்பத்தைத் தலைப்பகுதிக்குத் தாமதித்துக் கடத்தும்; அது சூட்டுப் பிளக். மூக்குக் குறுகியது விரைந்து கடத்தும். அது குளிர் பிளக். வாயுவினால் 75 முதல் 100 குதிரைவலு வரை கூடுந்தோறும் ஒருபடி குளிர்ந்த பிளக்கை இடுவது வழக்கம்.

எம் மாணவர் இடறியது இங்கேதான். என்.ஜீ.கே., டென்சோ ஆகியவற்றில் இலக்கம் உயர உயரப் பிளக் குளிர்ந்தது. பொஷ், சம்பியன் ஆகியவற்றில் இலக்கம் உயர உயரச் சூடானது. எஞ்சினில் இருந்தது என்.ஜீ.கே. 6. குளிர்ந்தது தேடிய அவர், கடையிற் கிடைத்த பொஷ் 8ஐ வாங்கி மாட்டினார். அஃது என்.ஜீ.கே. 5க்கு நிகர். குளிர்ச்சிக்கென மாற்றியது ஒருபடி சூடேறிப்போயிற்று.

இனி இடைவெளி. அடர்ந்த வாயுவைக் கடந்து பாய்தற்குத் தீப்பொறிக்கு உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். இடைவெளி குறைந்தால் அத்தேவையும் குறையும். ஆலையில் 1.0 அல்லது 1.1 மில்லிமீற்றராக வைக்கப்பட்டதை 0.8 அளவுக்குக் குறைப்பர்; வாயு மிகுந்தால் 0.6 வரையும் செல்வர். வேண்டாது குறைத்தால் பொறி சிறுத்து, மெல்லோட்டத்தில் எஞ்சின் தடுமாறும். அளவுகோலாகக் கம்பி அளவி வேண்டும். பக்க மின்வாயை மட்டுமே வளைக்கலாம். நடு மின்வாயில் ஊன்றி நெம்பலாகாது. இரிடியப் பிளக்கின் ஊசிமுனை அவ்வாறு நெம்பினால் ஒடிந்துவிடும். பக்க மின்வாய் குட்டையாயும் தடித்ததாயும் இருப்பது நன்று; நீண்டு மெலிந்தது விரைவிற் செந்தணலாகும். மலையில் வளி மெலிந்தமையாற் பிழையின்றி எரிந்த பிளக், அதே இடைவெளியுடன் கொழும்புக்கு இறங்கியதும் தவறக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

மலைநாட்டுக்கே உரிய பொறி இன்னொன்று. வாயுப் போத்தலின் அமுக்கம் வெப்பநிலையைப் பொறுத்தது. 20 பாகையில் வளிமண்டல அமுக்கத்தைப்போல் 50 மடங்கு, 10 பாகையில் 40 மடங்கே. பெரும்பாலான அமைப்புகளோ 60 மடங்குக்குச் சற்று மேற்பட்ட அமுக்கத்துக்கு அளவிடப்பட்டவை. பனிக்காலையிலே வாயு குறைந்து பெற்றோல் மிஞ்சுவதால் பிளக் கறுக்கும். அதைக் கண்டு பெற்றோலைக் குறைத்தாலோ சூட்டுப் பிளக் இட்டாலோ, நண்பகல் வெயிலிற் போத்தல் சூடேறியதும் பிஸ்டன் பலியாகும். போத்தலைத் தீச்சுவாலையாற் சூடாக்குதலோ உயிருக்கே கேடு. அதற்கென அமைந்த மின்சூடாக்கியே தக்கது.

முழுவேக ஓட்டம் முடிந்தவுடன் எஞ்சினை நிறுத்திப் பிளக்கைக் கழற்றி உருப்பெருக்குக் கண்ணாடியாற் பார்த்தல் வேண்டும். பீங்கானில் வெள்ளிப் பொட்டுகள் தெரிந்தால் அவை பிஸ்டனிலிருந்து சிதறிய அலுமினியம். அன்றைய ஓட்டத்தை அத்துடன் நிறுத்துவதே அறிவுடைமை.

மாணவர் பின்னர் என்.ஜீ.கே. 7ஐ 0.8 மில்லிமீற்றர் இடைவெளியில் இட்டார். இரு வகை இலக்கங்களையும் ஒப்பிட்டெழுதிய அட்டை ஒன்று அவரது கராஜ்ச் சுவரிலே தொங்குகின்றது. துளை விழுந்த பிஸ்டனை எம்மிடமே விட்டுச் சென்றார். எம் மேசைமீது சிவப்பு மைப் பேனாவைச் செருகி வைக்க அது நன்கு உதவுகின்றது.