கண்ணாடித் தண்ணீரை நம்பாதீர்கள்

வீடு வாங்கிய பிறகு – 17

சென்ற வாரம் போர்வெல் மோட்டாரோடு மல்லுக்கட்டினோம். இந்த வாரம் அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் ஓர் ஆடம்பரமான இடத்துக்கு வருவோம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் கோவைப் புறநகரிலும் நீச்சல் குளத்தோடு வீடு கைமாறுவது இப்போது புதுசில்லை. விற்பவர் சாவியோடு ஒரு போன் நம்பரையும் கொடுப்பார். "இவர் வாரத்துல ரெண்டு நாள் வருவார், எல்லாம் பாத்துப்பார். நீங்க குளிச்சா மட்டும் போதும்." வாங்குபவரும் நிம்மதியாகிவிடுவார்.

சொன்னபடி அவர் வருவார். பிளீச்சிங் பவுடரைப் பக்கெட்டில் கரைத்து ஊற்றுவார். கலங்கினால் படிகாரம், பச்சை தட்டினால் மயில் துத்தம். "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு சார், வந்து பாருங்க" என்பார். போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் கிருமியும் கண்ணுக்குத் தெரியாது, குளோரின் தீர்ந்துபோனதும் கண்ணுக்குத் தெரியாது. தெளிவு என்பது வடிகட்டி ஓடுகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி.

முதலில் உங்கள் குளம் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கணக்குப் போடுங்கள். 24 அடி நீளம், 12 அடி அகலம், சராசரி ஆழம் நாலரை அடி என்றால் 1,296 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் சுமார் 36,700 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் மூன்று லோடு. இந்த எண்ணை மோட்டார் அறைச் சுவரில் பெயின்டால் எழுதிவையுங்கள். இது தெரியாமல் போடும் எந்த மருந்தும் குத்துமதிப்புதான்.

அடுத்து, தினமும் பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள். குளோரின் 1 முதல் 3 பிபிஎம். பிஎச் 7.2 முதல் 7.8. இரண்டுக்கும் உறவு உண்டு. பிஎச் 7.5-ல் இருந்தால் போட்ட குளோரினில் ஏறக்குறைய பாதி, கிருமியைச் சட்டென்று கொல்லும் வடிவில் இருக்கும். பிஎச் 8-க்கு ஏறினால் அது கால்வாசியாகக் குறைந்துவிடும். பிளீச்சிங் பவுடரில் சுண்ணாம்பு இருப்பதால் அது பிஎச்சை மேலே தள்ளும். அதாவது, பவுடரைக் கொட்டக் கொட்டக் குளோரினின் வீரியம் குறைந்துகொண்டே போகும். பவுடரோடு கலக்காமல், தனியாகக் கொஞ்சம் ஆசிட் விட்டு பிஎச்சை இறக்கினால்தான் போட்ட காசுக்குப் பலன்.

இதையெல்லாம் சொல்லும் டெஸ்ட் கிட், குளத்துக்கு ஆகும் செலவில் ஒரு மூலைக்குக் காணாது. சோதனைக் குழாயைக் கவிழ்த்தபடி முழங்கை ஆழம் வரை கொண்டுபோய், அங்கே நிமிர்த்தி நிரப்புங்கள். மேல்மட்டத் தண்ணீர் வெயிலில் காய்ந்தது, அது சரியான கணக்குச் சொல்லாது. ஒரு குழாயில் பினால் ரெட். மஞ்சள் வந்தால் அமிலம், ஆரஞ்சுச் சிவப்பு வந்தால் நலம், அடர்சிவப்பு என்றால் காரம் ஏறிவிட்டது. இன்னொன்றில் குளோரின் சோதனை. மலிவான கிட்டில் மஞ்சள் நிறம் வரும். அது மொத்தக் குளோரினைக் காட்டுமே தவிர, வேலைக்குத் தயாராக இருக்கும் குளோரின் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. இளஞ்சிவப்பு காட்டும் டிபிடி கிட் கேட்டு வாங்குங்கள்.

பிரித்துப் பார்ப்பது ஏன் முக்கியம்? "இன்னிக்கு மருந்து வாடை தூக்கலா இருக்கே, ஜாஸ்தி போட்டுட்டாங்களோ?" என்று குளக்கரையில் நின்று கேட்காதவர் இல்லை. பெரும்பாலும் விஷயம் நேரெதிர். வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரின் குளோரமைனாக மாறும்போதுதான் அந்த நெடி. கண் எரிவதும் அதனால்தான். அதற்கு வைத்தியம் குளோரினைக் குறைப்பதில்லை, கூட்டுவது. அதைவிட நல்ல வைத்தியம், இறங்கும் முன் ஒவ்வொருவரும் சோப்புப் போட்டுக் குளிப்பது.

இன்னொரு எதிரி நம் ஊர் வெயில். வெறும் குளோரினில் பாதியைச் சூரியன் ஒரு மணி நேரத்துக்குள் தின்றுவிடும். அதனால் பவுடரோ திரவமோ, சாயங்காலம் போடுவதே புத்திசாலித்தனம். வெயிலைத் தாங்க சயனூரிக் அமிலம் என்ற காப்புப் பொருள் உண்டு. டிசிசிஏ மாத்திரையில் குளோரினும் இதுவும் சேர்ந்தே வருகின்றன. மிதவையில் மாத்திரையைப் போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்பது வசதி. வம்பும் அங்கேதான். குளோரின் தீர்ந்துபோகும், சயனூரிக் அமிலம் தீராது. 200 கிராம் மாத்திரை ஒன்று, நாம் பார்த்த குளத்தில் இதை 3 பிபிஎம் ஏற்றும். வாரம் இரண்டு மாத்திரை என்றால் நான்கைந்து மாதத்தில் 100-ஐத் தொட்டுவிடும். இருக்க வேண்டியது 30 முதல் 50. அதிகமானால் கிட்டில் குளோரின் அழகாகத் தெரியும், ஆனால் அது மந்தமாகத்தான் வேலை செய்யும். பாசி பிடிக்கும். இதற்கு மருந்து கிடையாது. பாதித் தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும், ஒன்றரை லாரி.

வடிக்கும்போதும் ஒரு எச்சரிக்கை. கடலோர மணலில், மழைக்காலத்தில், குளத்தை முழுக்கக் காலி செய்யவே கூடாது. அடியிலிருந்து முட்டும் நிலத்தடி நீர் தொட்டியை விரிசல் விடவைக்கும், சில சமயம் தூக்கியே விடும்.

நிரப்ப போர்வெல்லைத் திறந்தால் அதிலும் சிக்கல். இரும்புச் சத்துள்ள தண்ணீர் குளோரின் பட்டதும் பழுப்பாகும். உப்பு அதிகமென்றால், நீர் ஆவியாக ஆவியாகச் சுண்ணாம்பு தங்கி டைல்ஸ் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400 பிபிஎம்முக்குள் இருப்பது நல்லது. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். மாடியில் விழும் மழைநீரை வடிகட்டிக் குளத்தில் கலந்தால் கடினத்தன்மை இறங்கும்.

மணல் வடிகட்டியின் தலையில் ஒரு மீட்டர் இருக்கும். மணல் சுத்தமாக இருக்கும்போது காட்டிய அளவைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ் செய்ய வேண்டும். மோட்டாரை நிறுத்திய பிறகே வால்வு கைப்பிடியைத் திருப்புங்கள். பக்கத்திலுள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் முதலில் பழுப்பாக ஓடும், இரண்டு மூன்று நிமிடத்தில் தெளியும். பிறகு நிறுத்தி, சிறிது நேரம் ரின்ஸ், மறுபடி நிறுத்தி ஃபில்டர். வரும்போதெல்லாம் பேக்வாஷ் செய்வது தண்ணீருக்குக் கேடு. லேசாக அழுக்கேறிய மணல் இன்னும் நுணுக்கமாக வடிகட்டும்.

சில விஷயங்களில் சமரசமே வேண்டாம். டிசிசிஏவும் பிளீச்சிங் பவுடரும் ஒரே பக்கெட்டில், ஒரே கரண்டியில் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் நச்சு வாயு. மருந்தைத் தண்ணீரில் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. மோட்டாருக்கும் விளக்குக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும். குழந்தை இருக்கும் வீடென்றால் நான்கு பக்கமும் நான்கடி வேலி, தானே பூட்டிக்கொள்ளும் கதவு வேண்டும். ஊருக்குப் போகும்போது மோட்டாரை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். குளோரின் இல்லாமல் தேங்கிய தெளிந்த நீரில் டெங்கு கொசுவின் முட்டை ஒன்றரை வாரத்துக்குள் கொசுவாகிப் பறந்துவிடும். 2024-ல் கேரளத்தில் உயிர்களைப் பறித்த மூளை தின்னும் அமீபாவும் வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வதுதான். முறையாகக் குளோரின் இருக்கும் தண்ணீரில் அது பிழைக்காது.

பூல்காரரை நிறுத்த வேண்டாம். வரட்டும், வேலை செய்யட்டும். ஆனால் சோதனைக் குழாயை நீங்கள் பிடியுங்கள், அந்த இரண்டு எண்களை நீங்களே நோட்டில் எழுதுங்கள். எண்கள் சரியில்லாத நாளில், தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், யாரையும் குளத்தில் இறங்க விடாதீர்கள்.

(தொடரும்)