மாம்பழத்தைப் பிடிக்கலாம்... புத்தகத்தை?

ஆனி மாதப் பௌர்ணமிக்குக் காரைக்கால் வந்திருக்கிறீர்களா? காரைக்கால் அம்மையார் மாங்கனித் திருவிழா! பிட்சாடனர் வீதியுலா வரும்போது, வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். கீழே ஒரே தள்ளுமுள்ளு. யார் வீசியது, எந்த மரத்துப் பழம் என்றெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை. கைக்கு வந்தது பிரசாதம்!

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, பரீட்சைக்குப் புத்தகம் வாங்கியதும் இதே மாதிரிதான்.

பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் முடித்துவிட்டு ஓர் ஏஜென்சி ஆபீசில் பில் போட்டுக்கொண்டிருந்தான். “டி.பி.ஏ. ஆயிட்டா லைஃப் செட்டில்ணே!” என்பான். டி.பி.ஏ. என்றால் டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர். பேங்க், ஆஸ்பத்திரி, ரயில்வே என்று எங்கே தகவல் குவிந்திருக்கிறதோ, அந்தப் பெட்டகத்துக்குச் சாவிக்காரர். அதற்கு ஆரக்கிள் கம்பெனி நடத்தும் பரீட்சை எழுதி சர்ட்டிஃபிகேட் வாங்க வேண்டும். ஃபீஸ் பல ஆயிரம். அம்மாவின் செயின் அடகுக்கடைக்குப் போனது.

படிக்க? யாரோ கொடுத்த ஜெராக்ஸ் கட்டு ஒன்று. முழுக்கக் கேள்வியும் விடையும்தான். “இதை உருப்போட்டா போதும்டா, அப்படியே வரும்!” என்று சொல்லிக் கொடுத்தார்களாம். பையன் உருப்போட்டான். பாஸ்!

சென்னையில் இன்டர்வியூ. எதிரே இருந்தவர் நிதானமாகக் கேட்டிருக்கிறார்: “ராத்திரி ரெண்டு மணி. டேட்டா ஃபைல் ஒண்ணு காணோம். முதல்ல என்ன செய்வீங்க?”

நம்ம ஆள் விழித்துவிட்டுச் சொன்ன பதில்: “ஆப்ஷன் சொல்லுங்க சார்... ஏ, பி, சி, டி?”

பஸ் பிடித்து ஊர் திரும்பியவன், மறுநாளே திருநள்ளாறு போய் நளதீர்த்தத்தில் முழுக்குப் போட்டான். பாவம், சனீஸ்வரன் மேல் எந்தத் தப்பும் இல்லை. தப்பெல்லாம் அந்த ஜெராக்ஸ் கட்டின் மேல்!

இந்தக் கேள்வி-பதில் கட்டுக்கு ‘டம்ப்ஸ்’ என்று பெயர். பாதிக்கு மேல் எங்கிருந்தோ திருடியது. விடைகளுக்கும் யாரும் ஜவாப்தாரி இல்லை. பிடிபட்டால் ரிசல்ட் ரத்து, சர்ட்டிஃபிகேட் பறிமுதல் என்று கம்பெனிகள் விதியே போட்டிருக்கின்றன. அம்மா செயினை வைத்து ஆடுகிற ஆட்டமா இது?

சரி, நல்ல புத்தகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சில சோதனைகள்:

நம்பரைப் பாருங்கள்

ஒவ்வொரு பரீட்சைக்கும் ஒரு நம்பர் உண்டு. ஆரக்கிள் 19சி-க்கு 1இசட்0-082, 1இசட்0-083 என்று இரண்டு பேப்பர். அட்டையில் 1இசட்0-052 என்று இருந்தால் அது 11ஜி காலத்துப் புத்தகம். 11ஜி வந்தது 2007-ல். 19சி வந்தது 2019-ல். நடுவில் 2013-ல் 12சி வந்தபோது, ஒரே பெரிய டேட்டாபேஸுக்குள் பல குட்டி டேட்டாபேஸ்களைக் குடிவைக்கும் ‘மல்ட்டிடெனன்ட்’ முறை நுழைந்துவிட்டது. பழைய புத்தகத்தில் அதைப்பற்றி ஒரு வரி இருக்காது. பிளாட்பாரத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், பரீட்சை ஹாலில் அசல் வட்டியுமாக வசூலாகும்!

மைக்ரோசாஃப்ட் பக்கமும் இதே கதைதான். எம்.சி.டி.பி.ஏ. என்ற பட்டத்தை மூடிப் பல காலமாகிறது. எம்.சி.எஸ்.ஏ., எம்.சி.எஸ்.இ. வகைகளை 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். 2020-ல் வந்தது டிபி-300. பழைய பெயர்களைத் தாங்கிய தலையணைப் புத்தகங்கள், இனி தலைக்கு வைத்துப் படுக்கத்தான் ஆகும்.

பட்டியலை ஒப்பிடுங்கள்

என்னென்ன பாடத்தில் கேட்போம் என்று கம்பெனியே இலவசமாகப் பட்டியல் தருகிறது. மைக்ரோசாஃப்ட் எந்தப் பகுதிக்கு எத்தனை சதவீதம் என்பதையும் சொல்லிவிடுகிறது. அதை ஒரு தாளில் எடுத்துக்கொண்டு போய், புத்தகத்தின் பொருளடக்கத்தோடு டிக் போட்டுப் பாருங்கள். பத்து நிமிஷ வேலை. கல்யாணத்துக்கு மளிகை லிஸ்ட் சரிபார்க்கும் அக்கறை இருந்தால் போதும்.

சிட்டை - பேரேடு சோதனை

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. ‘கமிட்’ கொடுத்ததும் ஆரக்கிள் முதலில் எங்கே எழுதுகிறது? இந்த ஒரு கேள்விக்குப் புத்தகம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ‘டேட்டா ஃபைலில் எழுதுகிறது’ என்று இருந்தால், சத்தமில்லாமல் புத்தகத்தை வைத்துவிட்டு நகருங்கள்.

நம்ம ஊர் மளிகைக் கடைக்காரர் என்ன செய்கிறார்? கடன் கொடுத்ததும் சிட்டையில் ஒரு வரி கிறுக்கிவிடுகிறார். பேரேட்டில் ஏற்றுவது சாயங்காலம், சாவகாசமாக. ஆரக்கிளும் அப்படித்தான். கமிட் ஆனதும் ‘லாக் ரைட்டர்’ ரீடோ லாக் என்ற சிட்டையில் எழுதிவிடும். பேரேடான டேட்டா ஃபைலுக்கு வேறொரு பிராசஸ் பிறகு கொண்டுபோகும். நடுவில் கரண்ட் போனாலும், சிட்டையைப் பார்த்துக் கணக்கை மீட்டுவிடலாம்.

இந்த ‘ஏன்’ புரிந்தவனுக்கு பேக்கப், ரெக்கவரி பாடம் பாதி முடிந்தது. நல்ல கைடு இதைச் சொல்லிவிட்டு, மாதிரிக் கேள்விகளில் சரியான விடை எது என்பதோடு, மற்ற மூன்றும் ஏன் தப்பு என்றும் விளக்கும். ‘விடை: சி’ என்று மட்டும் போட்டிருந்தால் அது கைடு இல்லை, லாட்டரி ரிசல்ட்!

பிழைதிருத்தம் இருக்கிறதா?

நல்ல பதிப்பகங்கள், புத்தகம் வந்தபிறகு கண்ணில் பட்ட தப்புகளைப் பட்டியல் போட்டு வெளியிடும். பட்டியல் இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். தப்பை ஒப்புக்கொள்கிறவரை நம்பலாம். அப்புறமும் சந்தேகமென்றால், இருக்கவே இருக்கிறது சுப்ரீம் கோர்ட்... ஆரக்கிளின் சொந்த மேனுவல்கள். இலவசமாகவே படிக்கலாம். ‘கான்செப்ட்ஸ்’ மேனுவலில் ஆரம்பியுங்கள்.

கையை வேலை வாங்குகிறதா?

‘இப்போது இதைச் செய்து பாருங்கள்’ என்று சொல்லாத புத்தகம், கரையில் நின்று நீச்சல் சொல்லித் தருகிற மாதிரி. பயிற்சிக்குக் காசே வேண்டாம். ஆரக்கிள் 21சி-யின் ‘எக்ஸ்பிரஸ் எடிஷன்’ இலவசம். 2 ஜி.பி. மெமரியும் 12 ஜி.பி. டேட்டாவும்தான் அதன் எல்லை. கற்றுக்கொள்ள அது தாராளம். மைக்ரோசாஃப்ட்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் ‘டெவலப்பர் எடிஷன்’ கூட இலவசம்தான்.

இதையெல்லாம் நம்ம தம்பியிடம் சொன்னேன். முறைத்தான். அப்புறம் செகண்ட்ஹேண்ட் லேப்டாப் ஒன்றைத் தேற்றிக்கொண்டு, நம்பர் பார்த்து ஒரு புத்தகம் வாங்கினான். இரண்டு மாசம் ஆளையே காணோம். ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு போன்!

“அண்ணே, டேட்டா ஃபைலை அழிச்சுட்டேன்!”

தூக்கிவாரிப் போட்டது. “என்னடா சொல்றே?”

“வேணும்னேதாண்ணே அழிச்சேன். பேக்கப்லேர்ந்து திரும்பக் கொண்டாந்துட்டேன். புத்தகத்தைப் பார்க்காம!”

பாஸ் ஆனபோதுகூட அவன் குரலில் இந்தச் சந்தோஷம் இல்லை. அடுத்த இன்டர்வியூவுக்குக் கடிதம் வந்திருக்கிறது. இந்தத் தடவை ஆப்ஷன் கேட்கமாட்டான் என்று தைரியமாக இருக்கிறேன்.

ஒரே ஒரு சிக்கல். மாங்கனித் திருவிழாவில் பழம் ஒன்றைப் பிடித்தவன், கடிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“என்னடா?”

“எந்த வருஷத்து எடிஷன்னு பார்க்கிறேண்ணே!”